டிராஃப்ட் ஆயிட்டா லைஃப் செட்டிலா? ஐஸ் ஹாக்கி கரியர் எப்படி ஓடுதுன்னு எளிமையா

ஐஸ் ஹாக்கி பத்தி பேச்சு வந்தா ரெண்டு டயலாக் கண்டிப்பா வரும். ஒண்ணு, "அந்தப் பையனை என்எச்எல்ல டிராஃப்ட் பண்ணிட்டாங்கப்பா, இனிமே லைஃப் செட்டில்". இன்னொண்ணு, "அவன் 77 மில்லியன் டாலருக்கு சைன் பண்ணிருக்கான், ஏழு வருஷத்துல 77 மில்லியன் பேங்க்ல கிடக்கும்". கனடாவுல டொராண்டோவ ஒட்டி ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க, அவங்க ஊர் என்எச்எல் டீமான லீஃப்ஸ் தோத்த மறுநாள் காலையில திட்டுறதும் பெரும்பாலும் இந்த ரெண்டாவது கணக்க வச்சுத்தான், "இவ்ளோ காசு வாங்கிட்டு இப்படியா ஆடுறான்"னு.

முதல் டயலாக் கிட்டத்தட்ட தப்பு. ரெண்டாவதுல பாதி உண்மை இருக்கு, மீதிப் பாதிதான் சுவாரஸ்யமே. ஒரு ஹாக்கி பிளேயரோட கரியர்ல திறமை, உழைப்பு எல்லாம் இருக்கட்டும், அதுக்கு மேல ஒரு கேள்வி உக்காந்திருக்கு: இந்த வயசுல இவனோட பேரம் பேசுற உரிமை யார் கையில இருக்கு? இது புரிஞ்சா மத்த எல்லாம் தானா புரியும்.

மொதல்ல, எத்தனை வேலை இருக்கு?

என்எச்எல்ன்னா வட அமெரிக்காவோட டாப் லீக். 32 டீம், அதுல 7 கனடாவுல, 25 அமெரிக்காவுல. ஒரு டீம்ல ஒரு நேரத்துல அதிகபட்சம் 23 பேர். அப்போ மொத்தமே 736 வேலைதான், கனடா, அமெரிக்கா, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா, செக்குன்னு எல்லாரும் மோதுறது இந்த 736க்குத்தான். கோல்கீப்பர்னா இன்னும் மோசம், டீமுக்கு ரெண்டு பேர்னா 64 சீட்.

மேட்ச் அன்னிக்கு 20 பேர் டிரெஸ் பண்ணுவாங்க. ரெண்டு கோலி, ஆறு டிஃபன்ஸ், பன்னெண்டு ஃபார்வர்டு. ஃபார்வர்டுங்கள மூணு மூணு பேரா நாலு குரூப்பா பிரிப்பாங்க, அதுக்குப் பேரு லைன். ஒரு லைன் ஐஸ்ல இறங்கி முக்கால் நிமிஷம் போல உயிரைக் கொடுத்து ஆடிட்டு பெஞ்சுக்கு வந்துரும், உடனே அடுத்த லைன் குதிக்கும். இந்த முக்கால் நிமிஷம்தான் ஒரு ஷிஃப்ட். 60 நிமிஷ மேட்ச்ல முதல் லைன்காரன் 20 நிமிஷம் ஆடுவான், நாலாவது லைன்காரன் எட்டு பத்து நிமிஷம்தான். நாலாவது லைன்காரன கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க, அவன் கதைதான் நிஜமான ஹாக்கி கரியர், போஸ்டர்ல இருக்கிற மூஞ்சி எல்லாம் விதிவிலக்கு.

பதினாறு வயசுல வீட்ட விட்டு

கனடாவுல ஜூனியர் ஹாக்கின்னா முக்கியமா சிஎச்எல். அதுக்குக் கீழ மூணு லீக்: ஒன்டாரியோவ சுத்தி ஓஎச்எல், மேற்குல டபிள்யூஎச்எல், கியூபெக் பக்கம் கியூஎம்ஜேஎச்எல். பதினாறுல இருந்து இருபது வயசு வரைக்கும் உள்ள பசங்க ஆடுற இடம். இங்கயே ஒரு டிராஃப்ட் உண்டு, அதாவது பத்தாங்கிளாஸ் படிக்கிற வயசுல ஒரு பையன எந்த ஊர் டீம் எடுக்குதோ அந்த ஊருக்குப் போகணும். அங்க ஒரு குடும்பம் அவன வீட்டுல வச்சு சோறு போட்டுப் பாத்துக்கும், பில்லட் ஃபேமிலின்னு சொல்வாங்க. சீசனுக்கு 60 மேட்சுக்கு மேல, எல்லாம் பஸ்லதான். டபிள்யூஎச்எல்ல மனிட்டோபாவுல இருக்கிற பிராண்டன்ல இருந்து அந்தக் கடைசி வான்கூவர் தீவுல இருக்கிற விக்டோரியா வரைக்கும் டீம் இருக்கு, மேப்ப எடுத்துப் பாருங்க, தலை சுத்தும். பஸ்லயே ஹோம்வொர்க், பஸ்லயே தூக்கம்.

இன்னொரு ரூட் அமெரிக்க காலேஜ் ஹாக்கி. சிஎச்எல்ல ஆடுனவன புரொஃபஷனல்னு சொல்லி காலேஜ் பக்கமே விடமாட்டேன்னு ரொம்ப வருஷமா ரூல் வச்சிருந்தாங்க. 2024 நவம்பர்ல அத மாத்தி, 2025 ஆகஸ்ட்ல இருந்து ரெண்டு பக்கமும் கதவு திறந்தாச்சு. ஐரோப்பிய பசங்க பெரும்பாலும் அவங்க ஊர் கிளப்லயே வளர்றாங்க.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஆள உதாரணமா வச்சுக்கலாம், ஜான் டவாரஸ். மிஸிஸாகாவுல பொறந்தவர். பதினாலு வயசுலயே அவ்ளோ நல்லா ஆடுனதால 2005ல ஓஎச்எல் அவருக்காகவே "விதிவிலக்கான பிளேயர்"னு ஒரு சலுகை கொண்டுவந்து ஒரு வருஷம் முன்னாடியே உள்ள விட்டுச்சு. பதினாறு வயசுல ஒரே சீசன்ல 72 கோல், ஹாக்கி ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கி அதே வயசுல அடிச்ச 70ஐத் தாண்டிட்டாரு. இப்பேர்ப்பட்ட ஆளுக்கு என்எச்எல் டிராஃப்ட் 2008ல கிடைச்சிருக்கணும் இல்லையா? கிடைக்கல. டிராஃப்ட்டுக்கு அந்த வருஷம் செப்டம்பர் 15க்குள்ள 18 முடியணும். அவர் பொறந்தது 1990 செப்டம்பர் 20. அஞ்சு நாள்ல ஒரு வருஷம் போச்சு, நாலாவது சீசனும் ஜூனியர்லயே ஆடுனாரு. கரியர் காலண்டர்லதான் ஓடுதுன்னு சொல்றதுக்கு இதவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியல.

டிராஃப்ட்னா வேலை இல்ல, உரிமை

இப்போ மெயின் குழப்பத்துக்கு வருவோம். ஒரு காலேஜ்ல கேம்பஸ் இன்டர்வியூ நடக்குது. 32 கம்பெனி வரிசையா வந்து ஆளுக்கு ஒரு பேர எழுதிக்குது, ஏழு ரவுண்டு. உங்க பேர ஒரு கம்பெனி எழுதிக்கிச்சு. ஆனா வேலை தரல, சம்பளம் பேசல, ஆஃபர் லெட்டர் இல்ல. ஒரே ஒரு விஷயம்தான் நடந்துச்சு, இனிமே மத்த 31 கம்பெனியும் உங்ககிட்ட பேசக்கூடாது. எந்த ஊர், எந்த பாஸ்னு நீங்க தேர்ந்தெடுக்கவும் முடியாது. டிராஃப்ட் அவ்ளோதான். எழுதிக்கிட்ட அந்த ஏகபோகத்துக்குப் பேரு ரைட்ஸ்.

போன சீசன் மோசமா ஆடுன டீமுங்களுக்குத்தான் முதல்ல எழுதுற சான்ஸ், யார் முதல்லன்னு லாட்டரி குலுக்குவாங்க. ஏழு ரவுண்டுல 224 பேர். வேலையே 736 தான், அதுவும் ஏற்கனவே ஆள் உக்காந்திருக்கிற சீட்டு, வருஷா வருஷம் 224 பேர் புதுசா வந்தா எத்தனை பேர் உள்ள நுழைய முடியும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. கடைசி ரவுண்டுல எடுக்கப்பட்ட நிறைய பேர் ஒரு என்எச்எல் மேட்ச்கூட ஆடாம போயிடுறாங்க.

ரைட்ஸுக்கும் காலாவதி உண்டு. சிஎச்எல் பையன்னா டீம் ரெண்டு வருஷத்துக்குள்ள கான்ட்ராக்ட் போடணும், இல்லன்னா ரைட்ஸ் போயிடும், வயசு இருந்தா அவன் மறுபடி டிராஃப்ட்டுக்குள்ள வரலாம். ஐரோப்பிய பையனுக்கு நாலு வருஷம்.

இதே சமயம் டீமுக்கு ஆள் பாத்துச் சொல்ற ஸ்கவுட்டுங்க கண்ணும் கடவுள் கண்ணு கிடையாது. பாவெல் டாட்சுக் 1998ல 171ஆவது ஆளு, ஹென்ரிக் செட்டர்பெர்க் 1999ல 210ஆவது, கோலி ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000ல 205ஆவது. மார்ட்டின் செயின்ட் லூயிஸ யாருமே எடுக்கல, குள்ளம்னு விட்டுட்டாங்க, அந்த மனுஷன் 2004ல லீக்கோட சிறந்த பிளேயர் விருது வாங்கி அதே வருஷம் டாம்பா டீமோட கோப்பையும் தூக்குனாரு. சமீபத்து உதாரணம் வேணும்னா அர்ஷ்தீப் பெய்ன்ஸ், பிரிட்டிஷ் கொலம்பியாவுல சர்ரேல வளர்ந்த பஞ்சாபிப் பையன். டிராஃப்ட்ல பேர் வரல, ஜூனியர்லயே தொடர்ந்து ஆடி 2021-22ல டபிள்யூஎச்எல்லயே அதிக பாயிண்ட் எடுத்தாரு, வான்கூவர் நேரடியா கான்ட்ராக்ட் கொடுத்துச்சு, 2024 பிப்ரவரியில என்எச்எல் ஐஸ்ல கால் வச்சாரு. டிராஃப்ட் ஆகாதவனுக்கு ஒரு லாபம் இருக்கு பாருங்க, யார்கூட வேணா பேசலாம்.

இந்த டிராஃப்ட் அநியாயமா தெரியுதா? எனக்கும் அப்படித்தான் தோணும். ஆனா 1963ல மொத டிராஃப்ட் வர்றதுக்கு முன்னாடி இன்னும் கொடுமை, டீன்ஏஜ் பசங்ககிட்ட ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி உரிமைய டீம் மொத்தமா எடுத்துக்கும். 1957ல டெட்ராய்ட் பிளேயர் டெட் லிண்ட்சே பிளேயர்களுக்கு சங்கம் ஆரம்பிக்கப் போயி, டெட்ராய்ட் அவர அப்போ கடைசி இடத்துல கிடந்த சிகாகோவுக்குத் தள்ளிவிட்டுச்சு. சங்கம் உருப்படியா நின்னது 1967லதான். இன்னிக்கு இருக்கிற ஒவ்வொரு ரூலுக்குப் பின்னாடியும் இப்படி ஒரு சண்டை இருக்கு.

இதுவரைக்கும் சுருக்கமா: டிராஃப்ட் ஆன பையன் என்எச்எல் பிளேயர் இல்ல, ஒரு என்எச்எல் டீமுக்கு மட்டும் பேரம் பேச உரிமை உள்ள பையன்.

முதல் கான்ட்ராக்ட்: விலை ஏற்கனவே போட்டாச்சு

பதினெட்டுல இருந்து இருபத்தொண்ணு வயசுக்குள்ள கையெழுத்து போட்டா மூணு வருஷ கான்ட்ராக்ட், வேற வழியே இல்ல. இதுக்கு என்ட்ரி லெவல்னு பேரு. சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கு, 2024 டிராஃப்ட் பசங்களுக்கு வருஷத்துக்கு 9,75,000 டாலர். நல்லா ஆடுனா மேல பர்ஃபார்மன்ஸ் போனஸ் எழுதிக்கலாம், ஆனா அடிப்படை இதுதான். முதல் இடத்துல வந்தவனும் 20ஆவது இடத்துல வந்தவனும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம்.

ஏன் இப்படின்னா, 1993ல ஒட்டாவா முதல் இடத்துல எடுத்த அலெக்ஸாண்டர் டேக்லுக்கு ஒரு மேட்ச்கூட ஆடுறதுக்கு முன்னாடி அஞ்சு வருஷத்துக்கு 12 மில்லியன் டாலருக்கு மேல எழுதிக் கொடுத்தாங்க (1 மில்லியன்னா 10 லட்சம்). அவர் எதிர்பார்த்த அளவுக்கு வரல. ஓனருங்க பயந்துபோயி பிளேயர் சங்கத்தோட போட்ட அடுத்த ஒப்பந்தத்துல புதுப்பசங்களுக்கு உச்சவரம்பு கொண்டு வந்துட்டாங்க. ஓனர் பண்ண தப்புக்கு இன்னிக்கு வரைக்கும் பையனுங்க ஃபைன் கட்டுறானுங்க.

இங்க ஒரு நுணுக்கம், இத மட்டும் தெரிஞ்சுக்கங்க. பதினெட்டு பத்தொன்பது வயசுப் பையன் அந்த சீசன்ல பத்து என்எச்எல் மேட்ச் ஆடலைன்னா கான்ட்ராக்ட்டோட முதல் வருஷம் ஓடினதாவே கணக்கு இல்ல, அப்படியே அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். அதனாலதான் அக்டோபர்ல நல்லா ஆடிட்டு இருக்கிற சின்னப்பையன திடீர்னு ஒன்பது மேட்ச் முடிஞ்சதும் ஜூனியருக்குத் திருப்பி அனுப்புவாங்க. ஃபேன்ஸ் "ஏன்டா அனுப்புனீங்க"ன்னு கத்துவாங்க. பையன் ஆட்டம் சரியில்லைன்னுகூட இருக்கலாம், ஆனா பல நேரம் டீம் யோசிக்கிறது ஒரு மலிவு வருஷத்த மிச்சம் பிடிக்கத்தான்.

மேலயும் கீழயும்: ஏஎச்எல், டூ-வே, வெய்வர்ஸ்

ஏஎச்எல்ன்னா என்எச்எல்லுக்கு ஒரு படி கீழ உள்ள லீக். அங்கயும் 32 டீம், ஒவ்வொண்ணும் ஒரு என்எச்எல் டீமோட துணை டீம். சில நேரம் ரெண்டும் ஒரே ஊர், டொராண்டோ லீஃப்ஸுக்கு டொராண்டோ மார்லீஸ். சில நேரம் நாடே வேற, எட்மன்டனோட துணை டீம் கலிஃபோர்னியாவுல பேக்கர்ஸ்ஃபீல்டுல. அதுக்கும் கீழ இசிஎச்எல்னு ஒண்ணு இருக்கு.

பெரும்பாலான பசங்க மொதல்ல சில வருஷம் ஏஎச்எல்ல கிடந்துதான் மேல வர்றாங்க. அவங்க கான்ட்ராக்ட் டூ-வேயா இருக்கும், அதாவது மேல இருந்தா ஒரு சம்பளம், கீழ இருந்தா வேற சம்பளம், தினக்கணக்குல. சும்மா ஒரு கணக்குக்கு: மேல இருந்தா 7,75,000 டாலர் (2025-26ல என்எச்எல்லோட குறைந்தபட்ச சம்பளமே இதுதான்), கீழ இருந்தா 1,00,000ன்னு வச்சுக்கங்க. சீசன் சுமாரா 192 நாள். மேல ஒரு நாளைக்கு 4,000 டாலர் சொச்சம், கீழ 520. 2024-25 வரைக்கும் இப்படி ஒரு வேலை நடந்துச்சு: லீஃப்ஸுக்கு மூணு நாள் மேட்ச் இல்ல. டீம் மேனேஜர் பணக் கணக்கப் பாத்துட்டு அந்த நாலாவது லைன் பையன பேப்பர்ல மார்லீஸுக்கு அனுப்பிட்டு மூணு நாள் கழிச்சுத் திரும்பக் கூப்பிடுறாரு. பையன் அதே ஊர்ல அதே வீட்டுலதான் இருக்கான், பெட்டிகூடக் கட்டல, ஆனா மூணு நாள்ல பத்தாயிரம் டாலர் போச்சு. பேக்கர்ஸ்ஃபீல்டு பையன்னா பெட்டியும் கட்டணும், ராத்திரி போன் வந்தா விடியக்காலை ஃப்ளைட்டு. "மேல கூப்பிட்டாங்க, கீழ இறக்கிட்டாங்க"ன்னு நியூஸ்ல ஒரு வரியில போறது இதுதான்.

ஆனா டீம் இஷ்டத்துக்கு எல்லாரையும் கீழ இறக்க முடியாது, அதுக்குத்தான் வெய்வர்ஸ். கொஞ்சம் வயசும் மேட்ச் எண்ணிக்கையும் தாண்டிட்ட பிளேயர ஏஎச்எல்லுக்கு அனுப்பணும்னா முதல்ல 24 மணி நேரம் அவன் பேர மத்த 31 டீம் முன்னாடி வைக்கணும். யாராவது "எனக்கு வேணும்"னா அவன் கான்ட்ராக்ட்டோட அப்படியே அங்க போயிடுவான், பழைய டீமுக்கு பதிலுக்கு ஒண்ணும் கிடைக்காது. பிளேயருக்கு அவமானமா தெரியும், ஆனா நிஜத்துல இது அவனுக்கு ஒரு பாதுகாப்பு. ஒரு டீம் ஆள எடுத்து காலத்துக்கும் கீழயே பூட்டி வச்சுக்கக் கூடாதுன்னு. ஈலி டோல்வனென்னு ஒரு ஃபின்லாந்துக்காரர், 2017ல நாஷ்வில் முதல் ரவுண்டுல எடுத்த பையன். அங்க சரியா வாய்ப்பு அமையல, 2022 டிசம்பர்ல வெய்வர்ஸ்ல போட்டாங்க, சியாட்டில் எடுத்துக்கிச்சு, மிச்ச சீசன்லயே 16 கோல் அடிச்சாரு. நாஷ்வில் ஃபேன்ஸ் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்!

சின்ன ரீகேப்: என்எச்எல் கான்ட்ராக்ட் கையில இருக்கிறதும் என்எச்எல்ல ஆடுறதும் வேற வேற. நடுவுல ஒரு லிஃப்ட் இருக்கு, பட்டன் பிளேயர் கையில இல்ல.

சம்பளக் கேப், அப்புறம் சம்பளத்துல இருந்து போறது

2004-05 சீசனே நடக்கல, தெரியுமா? ஓனர்களும் பிளேயர் சங்கமும் மோதி முழு சீசனும் கேன்சல். அதுக்கப்புறம் வந்ததுதான் சேலரி கேப், அதாவது ஒரு டீம் தன்னோட எல்லா பிளேயருக்கும் சேர்த்து ஒரு சீசனுக்குக் கணக்கு காட்டக்கூடிய உச்சவரம்பு. 2005-06ல 39 மில்லியன், 2025-26ல 95.5 மில்லியன். ஒரு கான்ட்ராக்ட்டோட மொத்தத்த வருஷத்தால வகுத்து வர்ற சராசரிதான் கேப்ல ஏறும், அதுக்குப் பேரு கேப் ஹிட். 77 மில்லியன், ஏழு வருஷம், கேப் ஹிட் 11. உச்சவரம்புன்னு ஒண்ணு இருக்கிறதால ஒருத்தன் சம்பளம் ஏறுனா இன்னொருத்தனுக்கு இடம் சுருங்கும், அதனாலதான் ஸ்டார் மூணு பேர வச்சிருக்கிற டீமெல்லாம் குறைந்தபட்ச சம்பளத்துக்கு நாலாவது லைன் ஆளத் தேடி அலையுது.

இந்த கேப் எங்கிருந்து வருதுன்னா, லீக் வருமானத்துல பாதி ஓனருக்கு, பாதி பிளேயர்களுக்குன்னு ஒப்பந்தம். ஆனா கான்ட்ராக்ட் எல்லாம் முன்கூட்டியே எழுதிடுறாங்க, வருமானம் சீசன் முடிஞ்சாத்தான் தெரியும். பிளேயர்களுக்குப் போனது பாதிக்கு மேல ஆயிட்டா? அதுக்காக ஒவ்வொரு சம்பளத்துலயும் ஒரு சதவீதம் பிடிச்சு ஓரமா வைப்பாங்க, அதுதான் எஸ்க்ரோ. கணக்கு பாத்து அதிகமாப் போயிருந்தா அந்தக் காசு ஓனருக்கு, இல்லன்னா பிளேயருக்குத் திரும்பி வரும். கொரோனா சமயம் 2020-21ல 20 சதவீதம் பிடிச்சாங்க, அதுக்கு மேல 10 சதவீதத்த "அப்புறம் தர்றோம்"னு தள்ளியும் வச்சாங்க. அதுக்கப்புறம் படிப்படியா 6 சதவீதத்துக்கு இறங்குச்சு. பேப்பர்ல போட்ட சம்பளம் வேற, கைக்கு வர்ற சம்பளம் வேறன்னு நான் சொல்றதுக்கு முதல் காரணம் இது.

அடுத்தது டேக்ஸ். ஒன்டாரியோவுல மேல் வருமானத்துக்கு 53 சதவீதத்துக்கு மேல. ஃப்ளோரிடா, டெக்ஸஸ், நெவாடா, டென்னசி பக்கம் மாகாண வருமான வரியே இல்ல, அமெரிக்க மத்திய வரி மட்டும்தான். அதோட வெளியூர்ல ஆடுன நாளுக்கு அந்த ஊர்க்காரன் வரி கேப்பான். ஏஜென்ட்டுக்கு மூணு நாலு சதவீதம். அப்போ டொராண்டோவுல ஒரு மில்லியன் டாலர் சம்பளம்னு நியூஸ் வந்தா, எஸ்க்ரோ ஆறு சதவீதம் கழிச்சு, ஏஜென்ட் கழிச்சு, வரி கழிச்சுப் பாத்தா கையில நிக்கிறது பாதிக்கும் கீழ. பரிதாபப்படச் சொல்லல, அதுவும் பெரிய காசுதான். ஆனா "லீஃப்ஸுக்கு ஏன் வர மாட்டேங்குறான்"னு கேக்குறப்ப இந்தக் கணக்கையும் சேத்துக்கங்க.

இன்னொண்ணு, சம்பளம் ரெகுலர் சீசன்ல மட்டும்தான் வரும். பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான நாக்அவுட் சுற்று நடக்கிற ரெண்டு மாசம், எலும்பு ஒடஞ்சாலும் கட்டுப் போட்டுட்டு ஆடுற அந்த ரெண்டு மாசம், சம்பளம் கிடையாது. லீக் ஒதுக்குற ஒரு போனஸ் தொகைய டீமுங்க பிரிச்சுக்கும், அவ்ளோதான்.

(பெண்கள் லீக்கான பிடபிள்யூஎச்எல் 2024 ஜனவரியில ஆரம்பிச்சுது, முதல் சீசன்ல குறைந்தபட்ச சம்பளம் 35,000 டாலர். இங்க பேசுற கணக்கெல்லாம் அங்க பொருந்தாது, அது தனியா எழுதவேண்டிய கதை.)

பாதி சுதந்திரம்: ஆர்எஃப்ஏ

மூணு வருஷ என்ட்ரி லெவல் முடிஞ்சுது, பையனுக்கு இருபத்திரண்டு வயசு, ஆட்டம் உச்சத்துக்குப் போயிட்டு இருக்கு. இப்பவாவது யார்கிட்ட வேணா போகலாமா? முடியாது. அவன் இப்போ ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட், சுருக்கமா ஆர்எஃப்ஏ. கான்ட்ராக்ட் இல்ல, ஆனா ரைட்ஸ் இன்னும் பழைய டீம்கிட்டத்தான்.

ஒரே ஒரு ஜன்னல் இருக்கு, ஆஃபர் ஷீட். வேற டீம் ஒரு தொகை எழுதிக் கொடுத்து பிளேயர் கையெழுத்துப் போட்டா, பழைய டீமுக்கு ஏழு நாள் டைம். அதே தொகைய நாங்களே தர்றோம்னா பையன் அங்கயே, இல்லன்னா பையன் போயிடுவான், தொகையப் பொறுத்து பழைய டீமுக்கு டிராஃப்ட் வாய்ப்புகள் இழப்பீடா வரும். ரொம்ப நாளா மேனேஜருங்க இத ஒரு மரியாதைக் குறைவாப் பாத்து ஒருத்தருக்கொருத்தர் பண்றதில்ல. 2019ல மான்ட்ரியல், கரோலினாவோட செபாஸ்டியன் ஆஹோவுக்கு ஆஃபர் ஷீட் போட்டுச்சு, கரோலினா ஈடுகட்டி வச்சுக்கிச்சு, ஆனா மறக்கல. 2021ல கரோலினா திருப்பி மான்ட்ரியலோட கோட்கனியெமிக்கு 6.1 மில்லியன் சொச்சத்துக்கு ஷீட் போட்டுச்சு, அதுல சைனிங் போனஸ் எவ்ளோ தெரியுமா? 20 டாலர். ஆஹோவோட ஜெர்சி நம்பர் 20. பெரிய மனுஷங்க பண்ற வேலை.

சீரியஸான உதாரணம் 2024 ஆகஸ்ட். எட்மன்டன் அப்பத்தான் ஃபைனல்ல ஏழாவது மேட்ச் வரைக்கும் போயித் தோத்திருந்துச்சு, கேப்ல மூச்சு விட இடமில்ல. செயின்ட் லூயிஸ் ஒரே நாள்ல எட்மன்டனோட ரெண்டு சின்னப்பசங்களுக்கு, பிலிப் ப்ரோபெர்க், டிலன் ஹாலவே, ஷீட் போட்டுச்சு. ஏழு நாள் யோசிச்ச எட்மன்டன் ரெண்டு பேரையும் விட்டுருச்சு. ரெண்டு பேருமே எட்மன்டன் முதல் ரவுண்டுல எடுத்த பசங்க.

முழு சுதந்திரம், லேட்டா

27 வயசு ஆகணும், இல்ல என்எச்எல்ல ஏழு சீசன் கணக்குல ஏறியிருக்கணும், அப்பத்தான் அன்ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட், யுஎஃப்ஏ. ஜூலை 1ஆம் தேதி கடை திறக்கும், யார்கூட வேணா பேசலாம். ட்ரேட் பண்ணக்கூடாதுன்னு, அதாவது கேக்காம வேற டீமுக்கு மாத்திவிடக் கூடாதுன்னு, கான்ட்ராக்ட்ல ஷரத்து எழுதி வாங்குற உரிமையும் இந்தக் கட்டத்துக்கு அப்புறம்தான்.

டவாரஸுக்குத் திரும்புவோம். 2009ல முதல் ஆளா நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்துச்சு, மூணு வருஷம் என்ட்ரி லெவல். அது முடியுறதுக்கு முன்னாடியே 2011ல ஆறு வருஷத்துக்கு 33 மில்லியன், வருஷத்துக்கு 5.5. இங்கதான் கவனிக்கணும்: ஏழு சீசன் கணக்குப்படி அவர் 2016லயே யுஎஃப்ஏ ஆகியிருப்பாரு. ஆறு வருஷம் கையெழுத்துப் போட்டதால ரெண்டு சுதந்திர வருஷத்த முன்கூட்டியே வித்துட்டாரு, அதுவும் இருபது வயசுல தெரிஞ்ச விலைக்கு. அந்தக் காலத்துல லீக்கோட டாப் பிளேயர்ல ஒருத்தர் 5.5 மில்லியனுக்கு ஆடிட்டு இருந்தாரு. காலு ஒடஞ்சா என்ன பண்றதுன்னு யோசிச்சா பாதுகாப்பான முடிவு, பின்னாடி பாத்தா நஷ்டம்.

2018 ஜூலை 1, 27 வயசு, ஊர்க்காரனா டொராண்டோவுக்கு வந்தாரு. ஏழு வருஷம், 77 மில்லியன். முதல் வருஷம் வந்த 15.9 மில்லியன்ல சம்பளம்னு எழுதுனது வெறும் 6,50,000 டாலர், மிச்சம் 15.25 மில்லியனும் சைனிங் போனஸ், அதாவது மேட்ச் ஆடுனாலும் ஆடாட்டியும் தேதிக்கு மொத்தமா வர்ற காசு. ஏன் இப்படி? சீசன் நின்னாலும் போனஸ் வரும், டீம் பாதியில கழட்டிவிட்டாலும் போனஸ்ல கைவைக்க முடியாது. அதோட டேக்ஸ். அமெரிக்காவுல குடியிருக்கிறவருக்கு கனடாவுல இருந்து வர்ற சைனிங் போனஸுக்கு இருநாட்டு ஒப்பந்தப்படி 15 சதவீதம்தான் வரி. கனடா வரித்துறை "இது போனஸ் இல்ல, சம்பளம்"னு சொல்லி வட்டியோட 8 மில்லியன் கனடா டாலருக்கு நோட்டீஸ் விட்டுச்சு, அவர் வரி கோர்ட்டுக்குப் போயிட்டாரு. லீஃப்ஸ் ஃபேன்ஸ் சொல்ற அந்த "77 மில்லியன்"க்குள்ள இவ்ளோ விஷயம் ஒளிஞ்சிருக்கு.

2025ல அந்தக் கான்ட்ராக்ட் முடிஞ்சப்ப அவருக்கு வயசு 34. அதே டீம்ல நாலு வருஷம், வருஷத்துக்கு 4.38 மில்லியன். பதினொண்ணுல இருந்து நாலுக்கு. அதுக்கு முந்தின சீசன்ல 38 கோல் அடிச்ச ஆளு.

ரீகேப்: உடம்பு உச்சத்துல இருக்கிற 20லிருந்து 26 வரைக்கும் பேரம் பேசுற உரிமை டீம்கிட்ட. உரிமை கைக்கு வர்றப்ப பெரும்பாலான ஃபார்வர்டுங்களுக்கு இறங்குமுகம் ஆரம்பிக்கப் போகுது. அதனாலதான் நிறைய யுஎஃப்ஏ கான்ட்ராக்ட் "வேஸ்ட்"னு பேர் வாங்குது. பழைய மலிவு வருஷங்களுக்கான பாக்கிய சேத்து இப்போ வாங்குறாங்கன்னுதான் நான் பாப்பேன்.

கடைசி வருஷங்கள்

நாலாவது லைன்காரனுக்கு ஜூலை 1ல போன் அடிக்காது. ஜூலை போகும், ஆகஸ்ட் போகும், செப்டம்பர்ல ஏதாவது டீம் "டிரையவுட்டுக்கு வா"ங்கும். பிடிஓன்னு பேரு, கான்ட்ராக்ட் இல்லாம டிரெய்னிங் கேம்ப்ல ஆடிக் காட்டணும், பிடிச்சிருந்தா குறைந்தபட்ச சம்பளத்துல ஒரு வருஷம், இல்லன்னா ஒரு நன்றி. அப்புறம் ஸ்விட்சர்லாந்து, ஸ்வீடன், ஜெர்மனின்னு ஐரோப்பிய லீக்குங்க. யாரோமிர் யாகர் மாதிரி 45 வயசு வரைக்கும் என்எச்எல்ல ஆடிட்டு, செக் நாட்டுல சொந்த ஊர் கிளாட்னோவுல தானே வச்சிருந்த கிளப்புக்கு 50 தாண்டியும் ஆடுனவங்க கைவிட்டு எண்ணுற அளவுதான்.

கான்ட்ராக்ட் மிச்சமிருக்கிறப்பவே டீமுக்கு ஆள் வேண்டாம்னு தோணுனா பைஅவுட். 26 வயசு தாண்டுனவர்னா மீதி சம்பளத்துல மூணுல ரெண்டு பங்க, மிச்சம் இருக்கிற வருஷத்தப்போல ரெண்டு மடங்கு வருஷத்துக்குப் பிரிச்சுக் கொடுக்கணும். ரிக் டிபியெட்ரோன்னு ஒரு கோலி, 2000 டிராஃப்ட்ல முதல் ஆளு. 2006ல ஐலண்டர்ஸ் அவருக்கு 15 வருஷம், 67.5 மில்லியன்னு எழுதிக் கொடுத்துச்சு. இடுப்பு, முழங்கால்னு அடிமேல அடி. 2013ல பைஅவுட் பண்ணிட்டாங்க. அப்போ எட்டு வருஷம் மிச்சம், வருஷத்துக்கு 4.5ன்னா 36 மில்லியன், மூணுல ரெண்டு பங்கு 24, பதினாறு வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்கு 1.5 மில்லியன். 2029 வரைக்கும் வருது. இந்த மாதிரி நீள கான்ட்ராக்ட்டுங்களப் பாத்துத்தான் 2013ல சொந்த டீமுக்கு எட்டு வருஷம், வெளி டீமுக்கு ஏழுன்னு உச்சவரம்பு வச்சாங்க, 2026 செப்டம்பர்ல அமலுக்கு வர்ற புது ஒப்பந்தத்துல அதையும் ஏழு, ஆறுன்னு குறைச்சுட்டாங்க.